கூழின் பக்குவத்தை உற்பத்தியாளருக்குக் கொடுக்குமுன்

ஒடியல் மாவின் கைப்பைப் போக்க அதனை நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, மீண்டும் நீர் விடுவர். எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். கொழும்புத்துறை போன்ற கடனீரேரிக் கரையோரங்களில் மீனும் நண்டும் இறாலும் சேர்த்துக் காய்ச்சும் கூழின் சுவை இக்கைப்பக்குவத்திலேயே தங்கியுள்ளது. அங்குள்ள பெண்ணொருவர் வெந்நீர் விட்டதும் கூழாகும் உலர் கலவையொன்றை உருவாக்கியுள்ளார் என வைத்துக்கொள்வோம். தொழிற்சாலை அமைக்க அவரிடம் முதலில்லை. கொழும்பு நிறுவனமொன்றுக்கு அதனைக் கொடுத்து விற்பனையில் பங்கு பெற முடியுமா?

முடியும். ஆனால் தம்மிடம் இருப்பது என்ன என்பதை அவர் முதலில் அறிய வேண்டும். கூழைப் பைக்கற்றில் விற்கலாம் என்ற வெறும் எண்ணத்துக்குச் சட்டத்தில் உரிமையாளர் கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் எண்ணங்களுக்குப் பதிப்புரிமை அளிப்பதில்லை. தலைமுறைகளாக அறியப்பட்ட கூழுக்கு ஆக்கவுரிமையும் கிட்டாது. காயமாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கப்பட்ட ஆக்கவுரிமை, அது இந்தியாவில் முன்பே அறியப்பட்டது என நிரூபிக்கப்பட்டதால் 1997இல் இரத்தானது.

கலவையைப் பழுதடையாமல் உலர்த்தும் செய்முறை புதியதாயின் ஆக்கவுரிமைக்குத் தேசிய புலமைச்சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அது 20 ஆண்டுகளுக்கே செல்லும், செய்முறையும் பகிரங்கமாகிவிடும். உணவுத் தொழிலில் பலர் இரகசியத்தையே நாடுவது இதனாற்றான். வெளிப்படுத்தப்படாத தகவலையும் அதே சட்டம் பாதுகாக்கிறது. உரிமையாளர் அதனை இரகசியமாகப் பேணத் தக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. எனவே மாதிரியைச் சுவைக்கக் கொடுக்கலாம். இரகசியம் காக்கும் உடன்படிக்கை கையொப்பமாகும் வரை அளவுகளையும் பக்குவத்தையும் சொல்லலாகாது.

பெயரைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வியாபாரக் குறியின் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். எத்தனை தடவையும் புதுப்பிக்கலாம். எமது கருத்தில், சிறு முயற்சியாளரின் உறுதியான சொத்து இதுவே. அது நிறுவனத்தின் பெயரிலன்றி அவர் பெயரிலேயே பதியப்பட வேண்டும்.

ஒப்பந்தத்தில் கவனயீனம் பெரிய நிறுவனங்களையும் விடுவதில்லை. 1899இல் கொக்கா கோலா அதிபர் ஏசா கன்ட்லர், அமெரிக்காவின் பெரும்பகுதியில் பானத்தைப் போத்தலில் அடைத்து விற்கும் உரிமையை இரு வழக்கறிஞர்களுக்கு 1 டொலருக்கு எழுதிக்கொடுத்தார். பாகின் விலை நிலையாகக் குறிக்கப்பட்டது. முடிவுத் திகதி இல்லை. முதலாம் உலகப் போரையடுத்துச் சீனி விலை ஏறியபோது பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது.

ஆகவே காலமும் நாடும் வரையறுக்கப்பட வேண்டும். இலங்கைக்கு மட்டுமா, புலம்பெயர்ந்தோர் வாழும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்குமா? விற்பனையில் வீதம் பேசுவதோடு, விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகையும் வேண்டும். இல்லையேல் போட்டிப் பொருளொன்றை வைத்திருக்கும் நிறுவனம் இதனைப் பெட்டிக்குள் பூட்டிவிடலாம். கணக்கைப் பார்வையிடும் உரிமையும் அவசியம்.

கிழக்கிலும் புத்தளத்திலும் விற்பதாயின் ஹலால் சான்றிதழைப் பெறுவது யார், செலவு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். சுவையூட்டியொன்றை மாற்றினாலும் அச்சான்றிதழ் கேள்விக்குள்ளாகலாம். எனவே சேர்மானத்தை அவரது சம்மதமின்றி மாற்றலாகாது. 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழான சுட்டுத்துண்டு, சுகாதாரம் ஆகியவை உற்பத்தியாளரின் பொறுப்பெனக் குறிப்பிடுவதும் நன்று.

இத்தகைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நீட்டப்படுகின்றன. தமிழ்ப் பிரதியொன்றைக் கேட்டுப்பெற்று, தம் சார்பில் ஒரு சட்டத்தரணி வாசித்த பின்னரே அவர் ஒப்பமிட வேண்டும்.