கிடைத்தற்கரிய சித்திரக் கதை இதழ்கள்

மாற்றல் உத்தரவு வந்த வீட்டில் முதலில் கழிக்கப்படுபவை பழைய தாள்கள்தாம். பாத்திரங்களும் படுக்கைகளும் வண்டி ஏறுகின்றன. செய்தித்தாள்களும் வார இதழ்களும் குழந்தைகளின் கதைப் புத்தகங்களும் தராசில் ஏறுகின்றன. தில்லியிலோ கான்பூரிலோ வாழும் நம்மவர் வீட்டு வாயிலில் ‘கபாடி’ என்னும் குரல் கேட்கும்போது, எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று எவரும் நெடுநேரம் ஆராய்வதில்லை. உலகெங்கும் இதுவே வழக்கம்.

இவ்வழக்கத்திலிருந்து தப்பிய ஓர் இதழ் 2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் ஏலத்திற்கு வந்தது. 1939-இல் வெளிவந்த ‘சூப்பர்மேன்’ முதல் இதழ் அது. அன்று அதன் விலை 10 சென்ட். ஏலத்தில் அதற்குக் கிடைத்த தொகை 91 இலட்சத்து 20 ஆயிரம் டாலர். கலிபோர்னியாவில், காலமான தாயின் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்த மூன்று சகோதரர்கள், பரண்மேல் ஓர் அட்டைப் பெட்டியில், பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் அதனைக் கண்டெடுத்தனர்.

இத்தகைய செய்தியைக் கேட்டவுடன், நம் வீட்டுப் பரணிலும் ஒரு புதையல் இருக்கக்கூடுமோ என்னும் ஆசை எழுவது இயல்பே. ஆயினும் இது செய்தியாயிற்று என்பதே இதன் அருமைக்குச் சான்று. பழைய இதழ்கள் உலகில் மிகப் பல உண்டு. பழையனவாயினும் புதியன போல் இருப்பவை சில. அவ்வாறிருந்தும் இன்றுவரை எவர் கண்ணிலும் படாமல் ஒரு தொகுதியாகக் கிடப்பவையோ மிக மிகச் சில. இதன் காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் ‘காமிக்’ என்றால் நகைப்புக்குரியது என்று பொருள். நாளிதழ்களில் வந்த வேடிக்கைப் படங்களுக்கு முதலில் வழங்கிய அப்பெயர், பிற்காலத்தில் வீரம், துப்பறிதல், காதல், போர் ஆகிய அனைத்தையும் படங்களாகச் சொல்லும் இதழ்களுக்கும் நிலைத்துவிட்டது. ஆதலின் இதனை ‘நகைச்சுவை இதழ்’ என்று மொழிபெயர்த்தல் பொருந்தாது. ‘சித்திரக் கதை இதழ்’ என்பதே ஏற்றதாகும்.

இவ்விதழ்களின் வரலாற்றில் 1938-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு ஜூன் மாத நாளிட்டு வந்த ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் என்னும் பாத்திரம் தோன்றிற்று. அடுத்த ஆண்டு ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27-ஆம் இதழில் பேட்மேன் தோன்றினான். அன்று தொடங்கிப் பல்லாண்டுகள் இவ்வகை இதழ்கள் இலட்சக்கணக்கில் விற்றன. ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் ஏறத்தாழ 2 இலட்சம் படிகள் அச்சாயிற்று என்பர். இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 100 என்பது வணிகர்களின் மதிப்பீடு. ஏனையவை எங்கே போயின?

பெரும்பாலானவை படிக்கப்பட்டே அழிந்தன. சிறுவர்கள் அவற்றைச் சுருட்டிக் காற்சட்டைப் பையில் செருகினர், நண்பர்களுக்குள் மாற்றிக்கொண்டனர், விரும்பிய படங்களை வெட்டி எடுத்தனர். கடையில் விற்காமல் நின்றவையும் பிழைக்கவில்லை. அட்டையின் மேற்பகுதியைக் கிழித்து அனுப்பினால் கடைக்காரருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். எஞ்சிய தாள் கழிவாயிற்று. பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. போர்த் தேவைக்கெனப் பழைய தாள் திரட்டும் இயக்கம் அமெரிக்கா எங்கும் நடைபெற்றது. அதில் முன்னின்றவர்கள் பள்ளிச் சிறுவர்களே. தாங்கள் ஆசையுடன் வாங்கிய இதழ்களைத் தங்கள் கையாலேயே நாட்டுக்கு ஈந்தனர்.

போர் முடிந்த பின்னர் வேறொரு புயல் எழுந்தது. சித்திரக் கதைகள் சிறுவர்களின் ஒழுக்கத்தைக் கெடுக்கின்றன என்னும் குரல் ஓங்கியது. 1948-ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர் நகரிலும், நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரிலும் அவற்றைக் குவித்துத் தீயிட்டனர். 1954-இல் ஃபிரெடெரிக் வெர்த்தம் என்னும் மனநல மருத்துவர் இவ்விதழ்களைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்கச் செனட் சபையின் துணைக்குழு ஒன்று இதுபற்றி விசாரணை நடத்தியது. அதன் விளைவாகப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதியை வகுத்துக்கொண்டனர். அந்நாளில் மகனுடைய பெட்டியிலிருந்த இதழ்களை வெளியே எறிந்த தாய், தன் கடமையைச் செய்ததாகவே எண்ணினாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை.

இத்தனை இடர்களுக்கும் தப்பிய இதழுக்கு மற்றொரு பகை அதன் உள்ளேயே இருந்தது. மலிவான மரக்கூழ்த் தாளில் இவை அச்சிடப்பட்டன. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் அத்தாளில் நீக்கப்படாமல் தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றும் படப்பட அது பழுப்பேறுகிறது. தாளில் அமிலம் மிகுகிறது. ஈற்றில் தொட்டால் உதிரும் நிலை வருகிறது. வெப்பம் இச்செயலை விரைவுபடுத்தும். ஈரம் மிகுந்தால் பூஞ்சை பற்றும். தைத்த கம்பி துருப்பிடித்துத் தாளைக் கறைப்படுத்தும். நம் நாட்டில் இவற்றோடு இராமபாணப் பூச்சியும் செல்லும் சேர்ந்துகொள்ளும். எனவே எவரும் தொடாமல் வைத்தாலும், வைத்த இடம் இருளும் குளிர்ச்சியும் உலர்ச்சியும் உடையதாயிராவிட்டால் இதழ் தானே அழியும். 2014-இல் 32 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோன ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் ஒன்று, மேற்கு வர்ஜீனியாவின் மலைப் பகுதியில், செடார் மரப் பெட்டிக்குள் பல்லாண்டு கிடந்தது. பெட்டியும் மலைக் காற்றும் அதனைக் காத்தன.

நிலையை அளவிடுவதற்குச் சேகரிப்பாளர்கள் 0.5 முதல் 10 வரை ஓர் அளவுகோலை வைத்திருக்கின்றனர். நாணயச் சாலையிலிருந்து அப்போதுதான் வந்த காசினைப் போன்ற புதுமை உடையது 10. அட்டையின் நிறம், மூலைகளின் கூர்மை, முதுகு மடிப்பு, தாளின் வெண்மை ஆகிய அனைத்தும் நோக்கப்படும். 1940-க்கு முற்பட்ட ஓர் இதழ் 9 பெறுவதே பெருஞ்சிறப்பு. ஒரு சிறு கிழிசலும் விலையை வெகுவாகக் குறைத்துவிடும். 2013-இல் மின்னசோட்டா மாநிலத்தில் பழைய வீடொன்றைப் புதுப்பித்த ஒருவர், சுவரின் உள்ளே அடைத்திருந்த தாள்களுக்கிடையே ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழைக் கண்டார். வீட்டை அவர் வாங்கிய விலை 10,100 டாலர். இதழ் 1,75,000 டாலருக்கு விற்றது. கண்டெடுத்த பரபரப்பில் உறவினர்களிடையே நிகழ்ந்த இழுபறியில் பின்னட்டை கிழியாதிருந்தால், இன்னும் பல ஆயிரம் டாலர் மிகுதியாகக் கிடைத்திருக்கும்!

இனி, தொகுதியாகக் கிடைத்தவற்றுள் தலைசிறந்ததைக் காண்போம். கொலராடோ மாநிலத்தில் எட்கர் சர்ச் என்னும் விளம்பர ஓவியர் ஒருவர் இருந்தார். 1888-இல் பிறந்த இவர், நடுத்தர வயதில் சித்திரக் கதை இதழ்களை வாங்கத் தொடங்கினார். பத்திரிகைக் கடையிலிருந்து புதிதாக வாங்கிய இதழ்களை வீட்டின் நிலவறையில் ஓர் ஒதுக்கிடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். 1930-களின் பிற்பகுதி தொடங்கி 1950-கள் வரை இது தொடர்ந்தது. 1977-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடும்பத்தார் அவற்றை விற்க முற்பட்டபோது, சக் ரோசான்ஸ்கி என்னும் இளம் வணிகர் வந்து பார்த்தார். அங்கிருந்தவை ஏறத்தாழ 18,000 முதல் 22,000 வரை. எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றின் நிலையே வியப்புக்குரியது. அடுக்கின் எடை தாள்களைத் தட்டையாக வைத்திருந்தது; காற்று உள்ளே புகவில்லை; ஒளி படவில்லை; கடல்மட்டத்திற்கு ஒரு மைல் உயரத்திலுள்ள அப்பகுதியின் வறண்ட தட்பவெப்பம் ஈரத்தை அண்டவிடவில்லை. நாற்பதாண்டு கடந்த இதழ்கள் முந்திய நாள் வாங்கியவை போல் விளங்கின. ‘மைல் ஹை’ தொகுதி என்று வழங்கும் இதற்கு நிகரானது அதன் பின்னர்க் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1978-இல், சர்ச் காலமானார்.

இத்தகைய தொகுதி ஒன்று தோன்ற எவை எவை ஒருங்கே அமைய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வாங்குபவர் முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். மென்மையாகக் கையாண்டிருக்க வேண்டும். போரும் தீயும் வந்த காலத்திலும் கொடாதிருந்திருக்க வேண்டும். பல பத்தாண்டுகள் வீடு மாறாமலிருக்க வேண்டும். ஊரின் தட்பவெப்பம் துணைசெய்ய வேண்டும். பின்வந்தோர் குப்பை என்று எறியாதிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் தொகுதி இல்லை.

இவையனைத்திற்கும் மேலாக, அதன் மதிப்பு வெளியே தெரியாதிருந்திருக்க வேண்டும். இதுதான் இன்று ஏறத்தாழ இயலாததாகிவிட்டது. 1970-இல் இராபர்ட் ஓவர்ஸ்டிரீட் என்பவர் பழைய இதழ்களின் விலைக் கையேட்டினை வெளியிட்டார். அன்று தொடங்கி இவற்றுக்கு விலை உண்டு என்னும் செய்தி பரவிற்று. 2010-இல் ஓர் இதழ் முதன்முதலாக 10 இலட்சம் டாலருக்கு விற்றபோது, செய்தி உலகெங்கும் சென்றது. பரண் உடையவர்கள் பரணைப் பார்த்துவிட்டனர். எஞ்சியவை முதல் உரிமையாளர் மறைந்து வீடு ஒழிக்கப்படும்போதுதான் வெளிவருகின்றன. 2011-இல் வர்ஜீனியாவில் காலஞ்சென்ற முதியவர் ஒருவரின் வீட்டு அலமாரியில் அவர் சிறுவயதில் வாங்கிய 345 இதழ்கள் கிடைத்தன. அடுத்த ஆண்டு அவை ஏறத்தாழ 35 இலட்சம் டாலருக்கு ஏலம் போயின. முதன்முதல் வாங்கிய அத்தலைமுறையே இன்று மறைந்துவருகிறது. ஆதலின் இவ்வகைக் கண்டுபிடிப்புகள் ஆண்டுக்காண்டு அருகுவது திண்ணம்.

விலை தெரிந்துவிட்டதால் இனி எல்லோரும் பத்திரப்படுத்துவார்களே, அதனால் புதிய புதையல்கள் உருவாகாவோ என்று கேட்கலாம். உருவாகா. 1992-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சூப்பர்மேன் இறப்பதாகக் கதை அமைத்து ஓர் இதழ் வெளிவந்தது. பல இலட்சம் பேர் அதனை வாங்கி, உறையைக்கூடப் பிரியாமல், பிற்காலச் செல்வம் எனப் பூட்டி வைத்தனர். எல்லோரும் வைத்திருந்ததனால் அது எவருக்கும் செல்வமாகவில்லை. எவரும் பொருட்படுத்தாத காலத்தில் ஒருவர் பேணியதே அருமையாகிறது. விலையை எண்ணிப் பேணுவது சேமிப்பு. அது ஊரெல்லாம் உண்டு.

விலையை எண்ணாமல் பேணியதற்கு ஓர் எடுத்துக்காட்டு 2021-இல் ஏலத்திற்கு வந்த ஏறத்தாழ 5,000 இதழ்கள். அவற்றைச் சேர்த்தவர்கள் இளஞ்சகோதரர் இருவர். அவர்களுள் ஒருவர் கொரியப் போருக்குச் செல்லும்போது, தம் இதழ்களைப் பார்த்துக்கொள்ளும்படி மற்றவரிடம் கூறிச் சென்றார்; திரும்பி வரவில்லை. உயிரோடிருந்தவர் அவ்வாக்கினை வாழ்நாள் முழுதும் காத்தார். அதனாலேயே அத்தொகுதிக்கு ‘வாக்குறுதித் தொகுதி’ என்று பெயர் வழங்கலாயிற்று.

இச்செய்திகள் அமெரிக்காவைச் சார்ந்தவையாயினும், எட்கர் சர்ச்சை நினைக்கும்போது நம்மவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா அவர்கள். அவரும் விளம்பரப் பலகை தீட்டிய ஓவியரே. தமிழில் அச்சான நூல்கள், பருவ இதழ்கள், துண்டு வெளியீடுகள் என ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகளை அவர் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்த பின்னர், சிகாகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அவை காக்கப்பட்டன. 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. சர்ச்சின் தொகுதி பலர் கைக்குப் பிரிந்து சென்றது. முத்தையாவின் தொகுதி பிரியாமல் ஒரு மொழிக்கே உடைமையாயிற்று. எது பெரிது என்பதை நேயர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளிலும் சிறு தொகுதிகள் இல்லாமலில்லை. வார இதழில் வந்த தொடர்கதைப் பக்கங்களை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துப் ‘பைண்டு’ செய்து, பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுசென்ற பாட்டிமார் பலர். 1972-இல் சிவகாசியிலிருந்து வரத்தொடங்கிய முத்து காமிக்ஸ் இதழ்களைச் சிலர் வைத்திருக்கக்கூடும். இவற்றுக்கு இலட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை பெட்டி திறக்கப்படும்போது, எடைக்குப் போடுமுன் ஒவ்வொன்றையும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டு நாடா ஒட்ட வேண்டாம். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். வெயிலில் காய வைக்க வேண்டாம். தட்டையாக அடுக்கி, உலர்ந்த இடத்தில், ஒளி படாமல் வையுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லையேல், குப்பைக்கு முன் ஒரு நூலகத்தை நினையுங்கள். அதைச் சேர்த்தவர் யார், எந்த ஊரில் வாங்கினார் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்தல் நன்று. தாளைக் காப்பதற்குப் பெட்டி போதும். அதைச் சேர்த்தவரின் நினைவைக் காப்பதற்கு அச்சீட்டு வேண்டும்.