அளவு ரவிக்கை உதவாத இடம்

திண்டுக்கல்லில் தையற்காரரிடம் துணி கொடுக்கப் போகும் பெண்கள், அளவு நாடாவுக்கு இடம் கொடாமல், நன்றாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றைப் புதுத்துணியோடு சேர்த்துச் சுருட்டி ‘அளவு ஜாக்கெட்’ என்று நீட்டிவிட்டு வருவது நெடுநாள் வழக்கம். அதில் நாணம் பாதி, அனுபவம் பாதி. ஆனால் மார்பகத்தைப் பெரிதாக்கும் சஸ்திர சிகிச்சைக்காக மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ பிரயாணமாகும் பெண்களும், தங்கள் சரீரத்தின் அளவை விட்டுவிட்டு, “இன்னாருக்கு 350 சி.சி. வைத்தார்களாம், எனக்கும் அதுவே இருக்கட்டும்” என்று பிறருடைய எண்ணைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனால், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

சி.சி. என்பது உள்ளே வைக்கப்படும் சிலிகோன் பையின் கொள்ளளவு, அவ்வளவுதான். அகன்ற மார்புக்கூடு உடையவளிடம் இருக்குமிடம் தெரியாமல் அடங்கிவிடும் 300 சி.சி. பை, ஒடுங்கிய தேகம் உடையவளிடம் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரே கொள்ளளவிலேயே அகலம் மிகுந்து உயரம் குறைந்த பையும் உண்டு, அகலம் குறைந்து உயரம் மிகுந்த பையும் உண்டு. உள்ளாடைக் கடையில் சொல்லும் கப் அளவை சி.சி.யாக மாற்றித் தரும் நிலையான வாய்பாடு எதுவும் கிடையாது. ஆகையால் நிதானமுள்ள டாக்டர் முதலில் எடுப்பது நாடாவைத்தான்: மார்பகத்தின் அடிப்பாகம் எத்தனை சென்டிமீட்டர் அகலம், தோல் எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கும், மேற்பாகத்தை விரல்களால் கிள்ளிப் பிடித்தால் எவ்வளவு கனம் தேறும், காம்புக்கும் கீழ்மடிப்புக்கும் இடைவெளி என்ன என்று ஒவ்வொன்றாகக் குறித்து, அந்த அகலத்தை மீறாத பையைத் தேர்ந்த பிறகே சி.சி.க்கு வருவார். முதலில் அகலம், கடைசியில் எண். இந்தக் கிரமம் தலைகீழாகும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது.

1962-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதல் சிலிகோன் பை ஒரு பெண்ணின் உடலில் வைக்கப்பட்ட நாளிலிருந்து இந்த வைத்தியம் வசதி படைத்தோரின் விஷயம் என்றே கருதப்பட்டு வந்தது. 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கும் இது இலவசம் என்று அறிவிப்பு வந்தபோது, உயிர் காக்கும் சிகிச்சை இருக்க இது எதற்கு என்று ஆட்சேபித்தவர்கள் உண்டு. நான் அந்த அறிவிப்பின் பக்கம். புற்றுநோயால் ஒரு மார்பை இழந்தவளும், பிறவியிலேயே இரண்டும் ஏற்றத்தாழ்வாய் அமைந்தவளும் படும் மனவேதனை பணக்காரிக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்று இருப்பதில்லை.

என் கவலை வேறு. அது எடையைப் பற்றியது. சிலிகோன் ஒரு சி.சி. ஏறக்குறைய ஒரு கிராம். பக்கத்துக்கு 350 என்றால் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாரம் நெஞ்சில் ஏறுகிறது. இறக்கி வைத்து இளைப்பாற வழியில்லாத பாரம். நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் குனிந்து மல்லிகை பறிப்பவளுக்கும், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் ஷிப்டு முழுவதும் நின்றே வேலை செய்பவளுக்கும் அந்த பாரத்தின் அர்த்தம் என்ன? மார்பின் சொந்தக் கனத்தாலேயே கழுத்தும் தோளும் நொந்து, அதைக் குறைத்துத் தரும்படி கேட்டு வரும் பெண்களுக்கும் இதே பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவில்தான் சிகிச்சை நடக்கிறது என்பதை, பெரிதாக்கிக்கொள்ள வருபவளுக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டாமா? தாங்கும் தசைக்கு மிஞ்சிய பை வருஷக்கணக்கில் தோலை மெலிய வைக்கும். விளிம்பு கையில் தட்டுப்படும். மெல்ல மெல்லக் கீழே சரியும். மெலிந்த தோல், பையை எடுத்துவிட்டாலும், பழைய ஸ்திதிக்குத் திரும்புவதில்லை. சிறிதாக வைத்துக்கொண்டோமே என்று பின்னால் வருந்துகிறவர்களும் உண்டுதான். ஆனால் அந்த வருத்தத்துக்குப் பரிகாரம் இருக்கிறது.

இந்தப் பை ஆயுள் முழுவதும் வருவதும் அன்று. உள்ளே ஓசையின்றிக் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, வைத்த ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு தடவையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் யோசனை சொல்கிறது. மாற்ற வேண்டிய நாள் வந்தால் மறுபடி கத்தி, மறுபடி செலவு, மறுபடி வேலைக்கு லீவு; பெரிய பை இழுத்து விரித்த தோலானால் அதைத் தூக்கித் தைக்கும் வேலை கூடுதலாகச் சேரும்.

எந்த அளவு தோதுப்படும் என்று முன்கூட்டியே அறிய, மேல்நாட்டுப் பெண்கள் அரிசியைப் பையில் கட்டி உள்ளாடைக்குள் வைத்துப் பார்ப்பதுண்டு. நம் வீட்டிலும் சீரகச் சம்பாவுக்குக் குறைவில்லை. எந்த எண் மனத்தில் இருக்கிறதோ அத்தனை கிராம் அரிசியைத் தராசில் நிறுத்து, மெல்லிய துணியில் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டி, இறுக்கமான உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி முன் ஐந்து நிமிஷம் நின்று பார்ப்பதோடு விட்டுவிடக் கூடாது. காலையில் தண்ணீர்க் குடம் தூக்குவது முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்புவது வரை ஒரு முழுநாள் சுமக்க வேண்டும். முடிந்தால் மலைக்கோட்டைப் படிகளில் ஒருமுறை ஏறி இறங்கவும் வேண்டும். இரவில் தோளில் நாடா பதிந்த தடத்தைத் தடவிப் பார்த்து, ஒரு பிடி குறைக்கத் தோன்றினால் குறைத்து, மறுநாளும் சுமந்து, மிஞ்சிய அரிசியை மறுபடி நிறுத்து, அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போகட்டும். அகலத்தை அவர் அளந்துகொள்வார்.