பல்லும் சொல்லும் – 9: சொத்தைக்கு மார்க் போடும் சிவப்பு வெளிச்சம்

ஆறு வயது வாக்கில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே அது வருவதால், இதுவும் விழப்போகிற பல்தானே என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல் அது. சொத்தை குறிவைப்பதும் பெரும்பாலும் அதைத்தான். அதன் மேலுள்ள வரிப்பள்ளங்கள் மிகக் குறுகலானவை. பிரஷ்ஷின் நார் அடிவரை போகாது.

வாயின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். மேற்பரப்புக்கு ஒன்றும் ஆகாமல் அதன் அடியில் கரைவதுதான் தொல்லை. ஃப்ளோரைடு புண்ணியத்தில் மேலே கெட்டியாக இருக்கும், உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும். கூர்முனைக் கம்பியால் குத்திப் பார்ப்பது பழைய வழக்கம். தானாக ஆறியிருக்கக்கூடிய இடத்தை அந்தக் குத்தே உடைத்துவிடலாம். எக்ஸ்ரேயிலோ, சுற்றிலும் உள்ள தடித்த எனாமல் ஆரம்பச் சொத்தையை மறைத்துவிடும்.

இந்த இடத்துக்குத்தான் லேசர் வந்தது. ஜெர்மனியின் காவோ நிறுவனம் 1998இல் டயக்னோடென்ட் என்ற கருவியைக் கொண்டுவந்தது. 655 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியை அதன் முனை பல்லுக்குள் பாய்ச்சும். சொத்தையில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் போர்ஃபிரின் என்ற பொருள் அந்த ஒளியை வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் திருப்பி உமிழும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளிர்வைக் கருவி அளந்து, 0 முதல் 99 வரை ஓர் எண்ணாகக் காட்டும். வலி கிடையாது, எக்ஸ்ரே கதிர்வீச்சும் கிடையாது.

பார்க்க எளிதாக இருந்தாலும் செய்முறையில் பொறுமை வேண்டும். பல்லைச் சுத்தம் செய்து, காற்றடித்து உலர்த்த வேண்டும். அதே ஆளின் நல்ல பல் ஒன்றில் முனையை வைத்து, அந்த அளவைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பள்ளத்தின் மேல் முனையை வைத்து மெல்லச் சாய்த்துச் சாய்த்துத் திருப்ப வேண்டும். எண் ஏற ஏற பீப் சத்தமும் ஏறும். தொட்ட இடத்தில் 9 காட்டியது, சற்றே சாய்த்தால் 26க்குத் தாவும். உச்ச எண்ணைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது வில்லங்கத்துக்கு வருவோம். கருவி அளப்பது பாக்டீரியாவின் மிச்சத்தை. எவ்வளவு தாது கரைந்திருக்கிறது என்பதை அல்ல. அதனால் காறை, கறை, பள்ளத்தில் தங்கிய பேஸ்ட், பழைய ஃபில்லிங் எல்லாமே எண்ணை ஏற்றிவிடும். பாக்டீரியா இன்னும் உள்ளே நுழையாத ஆரம்பச் சொத்தையின் வெண்புள்ளியில் எண் ஏறாமலும் போகலாம். 2004இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னதும் இதையொட்டித்தான்: கண்ணால் பார்ப்பதைவிட இக்கருவி அதிகச் சொத்தைகளைப் பிடிக்கிறது, கூடவே நல்ல பல்லையும் அதிகமாகச் சொத்தை என்கிறது. ஒரு முறை அளந்த எண்ணை வைத்து டிரில்லைக் கையில் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எனாமலைத் தோண்டிவிட்டால் திரும்ப வளராது.

இதன் உண்மையான பயன் கண்காணிப்பில்தான். அதே இடம், அதே வகை முனை, அதே சுத்தம் என்று வைத்துச் சில மாதங்கள் கழித்து மறுபடி அளந்தால், எண் நிற்கிறதா, ஏறுகிறதா என்று தெரியும். இரண்டு மூன்று புள்ளி கூடுவதைப் பொருட்படுத்த வேண்டாம். நின்றால் ஃப்ளோரைடு பூச்சு, பள்ளத்தை அடைக்கும் சீலன்ட், இனிப்பில் கட்டுப்பாடு இவற்றோடு காத்திருக்கலாம். ஏறிக்கொண்டே போனால், கண்ணும் எக்ஸ்ரேயும் அதையே சொன்னால், ஃபில்லிங் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் குழந்தைக்கு "எண் அதிகமா இருக்கு, ஃபில்லிங் போட்டுடலாம்" என்று டாக்டர் சொன்னால், இரண்டே கேள்வி கேளுங்கள்: "பல்லைச் சுத்தம் பண்ணிட்டுத்தானே பார்த்தீங்க டாக்டர்? போன தடவை எவ்வளவு இருந்துச்சு?" முந்தைய எண்ணே இல்லையென்றால், வலியும் குழியும் இல்லாத பட்சத்தில், சுத்தம் செய்து இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள்.