குழாயிற் கருவுற்றோரின் மகப்பேறு

உடலுக்கு வெளியே கருக்கட்டிப் பிறந்தோர் தாமும் மகப்பேறு எய்துவரோ என்னும் ஐயம் முன்னர் நிலவிற்று. மும்பையில் மருத்துவர் இந்திரா இந்துஜாவின் முயற்சியால் 1986 இல் பிறந்த ஹர்ஷா சாவ்டா, 2016 இல் அவர் மேற்பார்வையிலேயே ஆண்மகவை ஈன்றார். இங்கிலாந்தில் 1978 இல் பிறந்த லூயிஸ் பிறவுணும் 2006 இல் இயல்பாகக் கருவுற்றுத் தாயானார். எனவே, ஐயம் நீங்கிற்று.

ஆயினும், ஆண்மக்கள் நிலை தனித்து நோக்கற்பாலது. தந்தையின் விந்தணுக் குறைபாட்டை வெல்லுதற்பொருட்டு, ஒற்றை விந்தணுவை முட்டையினுள் ஊசியாற் செலுத்தும் முறை எழுந்தது. அம்முறையின் முதற் குழந்தைகள் 1992 இல் பிறந்தன. அவ்வாறு பிறந்த இளைஞர் 54 பேரைப் பிரசெல்ஸ் ஆய்வாளர் ஆராய்ந்து, அவர்தம் விந்தணுச் செறிவு ஒத்த வயதினரதில் ஏறத்தாழப் பாதியே என 2016 இல் வெளியிட்டனர். இக்குறை தந்தைவழி வந்ததாதல் கூடும். ஒய் நிறமூர்த்தச் சிதைவு தந்தையிடமிருந்து மைந்தனைச் சாருமன்றோ? ஆதலின், பிறப்பின் வரலாற்றை மக்களுக்கு உரிய காலத்தில் உரைத்தல் பெற்றோர் கடனாகும்.