ரப்பர் காட்டில் ஒரு பிரெஞ்சுக் காதல்

பினாங்குக் கொடிமலைக்கு ரயிலேறிப் போனவர்கள் கிராக் ஹோட்டல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஈ அண்ட் ஓ ஹோட்டலை நடத்திய சார்க்கிஸ் சகோதரர்களின் விடுதி அது. பிற்பாடு பள்ளிக்கூடமாகவும் இருந்தது. 1992-இல் வெளிவந்த ‘இந்தோசின்’ என்ற பிரெஞ்சுப் படத்தில் அந்தக் கட்டடமும் நடித்திருக்கிறது. கதை நடப்பது வியட்நாமில். ஆனால் ஹா லாங் வளைகுடா, ஹுவே போன்ற வியட்நாமிய இடங்களோடு நம் பினாங்கும் பட்டர்வொர்த்தும் சேர்ந்துதான் அந்தக் காலத்து இந்தோசீனாவைத் திரையில் உருவாக்கின.

படத்தை இயக்கியவர் ரெஜி வார்னியே. 1948-இல் பிறந்தவர். இன்று பிரெஞ்சு சினிமாவின் மூத்த இயக்குநர்களில் ஒருவர். ‘இந்தோசின்’ அவருக்குச் சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றுத் தந்தது. நாயகி கேத்தரின் தெனவ் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றார்.

காதல் படம் என்றுதான் இதைச் சொல்வார்கள். எனக்கு இது முதலில் ஒரு ரப்பர் தோட்டத்துப் படம். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி வாழ்ந்த உலகம் அது. அதனால்தான் இந்த வாரம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

தாய், மகள், ஒரு கடற்படை அதிகாரி

கதை 1930-களில் தொடங்குகிறது. எலியான் ஒரு பெரிய ரப்பர் தோட்டத்தின் முதலாளியம்மா. பிரெஞ்சுக்காரி என்றாலும் அந்த மண்ணிலேயே வளர்ந்தவள். பெற்றோரை இழந்த கமீல் என்ற அன்னாமிய அரசகுலச் சிறுமியைத் தத்தெடுத்து மகளாக வளர்க்கிறாள். இளம் கடற்படை அதிகாரி ஒருவன் எலியானின் காதலனாகிறான். பிறகு அவன்மீதே மகளும் காதல் கொள்கிறாள். அவன் தொலைதூரத் தீவுக்கு மாற்றப்பட, அவனைத் தேடிக் கமீல் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள்.

வழியில் அவள் முதன்முறையாகத் தன் நாட்டைப் பார்க்கிறாள். பஞ்சத்தில் வேலை தேடி நடக்கும் ஒரு குடும்பத்தோடு சேர்ந்து நடக்கிறாள். தீவில் நடக்கும் ஆள்பிடிச் சந்தையில் அந்தக் குடும்பம் கொல்லப்பட்டுக் கிடப்பதைக் காண்கிறாள். அங்கே அவள் கை துப்பாக்கியைத் தொடுகிறது. அதன் பிறகு அவள் காதலி மட்டும் அல்ல, தேடப்படும் குற்றவாளி, கைதி, கடைசியில் விடுதலைப் போராளி. முடிவு 1954-இல் ஜெனீவாவில். அதை நான் சொல்லப்போவதில்லை.

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். தெனவின் பட்டுடைகளும் பனிமூட்டமும் படகும் கண்ணைப் பறிக்கும். அதே 1992-இல் ‘காதலன்’ என்ற பொருள்படும் ‘லாமான்’, ‘டியன் பியன் ஃபூ’ என்று இன்னும் இரண்டு பிரெஞ்சுப் படங்கள் வியட்நாமைக் களமாக வைத்து வந்தன. இழந்துபோன காலனியை நினைத்துப் பிரான்ஸ் பெருமூச்சு விட்ட ஆண்டு என்றே சொல்லலாம்.

வார்னியேவுக்கு அந்நிய மண்மீது ஓர் ஈர்ப்பு எப்போதும் உண்டு. 1999-இல் அவர் எடுத்த ‘கிழக்கு மேற்கு’ என்ற படத்தில், ரஷ்யக் கணவனை நம்பி ஸ்டாலின் காலத்து சோவியத் யூனியனுக்குப் போன பிரெஞ்சுப் பெண் அங்கேயே மாட்டிக்கொள்கிறாள். 2014-இல் வந்த படம் கம்போடியாவில் கெமர் ரூஜிடம் பிடிபட்ட பிரெஞ்சு ஆய்வாளரைப் பற்றியது. எங்கே போனாலும் கதையின் நடுவில் ஒரு பிரெஞ்சு மனசு இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் அதைச் சுற்றி நிற்பார்கள்.

பங்சாரும் ஒரு தோட்டம்தான்

பிரெஞ்சுக்காரர்களின் தோட்டத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நான் குடியிருக்கும் பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். பூஞ்ச், கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் ஒட்டித்தான் ‘பங்சார்’ ஆனது என்று ஒரு பெயர்க்காரணம் சொல்வார்கள். இன்று காப்பிக் கடைக்கு வண்டி நிறுத்த இடம் தேடும் இந்தச் சாலைகளில் அன்று பால்மரங்கள் நின்றன.

சிலாங்கூரில் தோட்டம் போட்ட ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், இங்கே வாழ்ந்த அனுபவத்தை வைத்து ‘மலேசி’ என்ற நாவலை எழுதி 1930-இல் பிரான்சின் பெரும்பரிசான கோன்கூர் விருதைப் பெற்றார். 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கியவரும் அவரே. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். முதலாளி பிரெஞ்சுக்காரர், பெயர் தமிழ். அங்கே வேலை செய்தவர்கள் யார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ‘குவாய் நதிப் பாலம்’ நாவலை எழுதிய பியேர் பூலும் போருக்கு முன் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்தான்.

ஆக, திரையில் எலியானின் தோட்டத்தைப் பார்க்கும்போது நான் வியட்நாமை மட்டும் பார்க்கவில்லை.

“அடிக்க ஆள் வச்சிருந்தாரு”

பாட்டி எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது இந்தப் படத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். ஆங்கில எழுத்துகளைப் படித்து நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். காதல் காட்சிகளில் பாதி நேரம் கண்ணயர்ந்தார்.

ஒரு காட்சியில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தப்பியோடப் பார்த்த தொழிலாளி ஒருவனை எலியான் தன் கையாலேயே அடிக்கிறாள். பிள்ளைகளை அடிக்க எந்தத் தாய்க்குப் பிடிக்கும் என்று கேட்கிறாள். அடிபட்டவன், நீங்கள்தான் எனக்குத் தாயும் தகப்பனும் என்கிறான்.

பாட்டி சொன்னார்: “எங்க துரை அடிக்க மாட்டாரு கண்ணு. அடிக்க ஆள் வச்சிருந்தாரு.”

இத்தனை விமர்சனங்களைப் படித்த எனக்கு அந்த ஒரு வரியில்தான் படம் புரிந்தது. வார்னியே நேர்மையான இயக்குநர். சாட்டையை மறைக்கவில்லை, ஆள்பிடிச் சந்தையை மறைக்கவில்லை. ஆனால் அடித்த கையின் வலியைத்தான் அவர் கேமரா நெருங்கிப் பார்க்கிறது. அடிபட்டவனுக்குப் பெண்டாட்டி இருந்தாளா, அன்று இரவு லயத்து வீட்டில் அவள் என்ன சொன்னாள் என்பதற்குப் படத்தில் இடமில்லை.

தாய் தகப்பன் என்று சொன்னவர்கள் எல்லோரும் அப்படியே இருந்துவிடவும் இல்லை. வியட்நாமில் 1930 பிப்ரவரியில் மிஷ்லின் நிறுவனத்தின் ஃபூ ரியெங் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நம் கிள்ளான் வட்டாரத்தில் 1941-இல் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் எழுந்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பெண்களிடம் வாலாட்டுவதை நிறுத்தச் சொன்னார்கள். துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சைக்கிளில் உட்கார்ந்தபடியே துரையைத் தாண்டிப் போக ஆசைப்பட்ட அந்த இளைஞர்களுக்குக் காதல் இருந்திருக்காதா?

நம் காதல் கதைகள் எங்கே?

தோட்டத்து வாழ்க்கையை யாரும் எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன். அகிலன் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போய் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலை எழுதினார். நம் நாட்டு எழுத்தாளர்கள் சிறுகதைகளிலும் நாவல்களிலும் லயத்தையும் பிரட்டுக்களத்தையும் பதிவு செய்திருக்கிறார்கள். திரையில்தான் குறை. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-இல் வந்து, மறுவருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமானது. அது, தோட்டம் கைவிட்டுப்போன பிறகு புறம்போக்கு வீடுகளில் நம் குடும்பங்கள் பட்ட பாட்டைச் சொன்னது. அதற்கு முந்தைய கதை, வெட்டுக்காட்டில் நடந்த கதை, பெரிய திரைக்கு இன்னும் சரியாக வரவில்லை.

கதைகள் இல்லாமல் இல்லை. வானொலியில் பழைய பாடல் நேரத்தில் அழைக்கும் பெரியவர்களிடம், “எப்படிக் கல்யாணம் நடந்தது?” என்று ஒரு கேள்வியைப் போட்டால் போதும். ஒருவர் சொன்னார், அந்தப் பெண்ணுக்கு அடுத்த நிரை தனக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே மண்டோரிடம் ஒரு மாதம் நடையாக நடந்தாராம். விடிவதற்கு முன்னால் இருட்டில் மரம் வெட்டும்போது அவள் தலையில் கட்டியிருந்த விளக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியுமாம். “அந்த வெளிச்சம் நகர்ற பக்கமே என் கத்தியும் போகும்” என்றார். பின்னால் அவருடைய மனைவி, “பேச்சக் கொறைங்க” என்று அதட்டியது நேரலையிலேயே கேட்டது.

அந்தத் தம்பதிக்கு எண்பதை ஒட்டிய வயது. அவர்கள் வாழ்ந்த தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி.

‘இந்தோசின்’ படத்தைப் பாருங்கள், பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்களாக இருந்தால் அவர்களோடும் பாருங்கள். முதலாளியம்மாவின் காதலை இவ்வளவு அழகாகச் சொல்ல முடிகிறதென்றால், மரம் வெட்டியவளின் காதலையும் சொல்ல முடியும். அதற்கு முதலில் கதை வேண்டும். வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறார்களா? அடுத்த ஞாயிறு கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, எந்தத் தோட்டம், எத்தனையாவது நிரை, முதலில் யார் பேசியது என்று கேளுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளில் யாரோ ஒருவர் நாளைக்கு அதைப் படமாக எடுப்பார்.