மின்வரைபடத்தில் மாரடைப்பின் மாறுவேடங்கள்

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மூட்டை சுமக்கும் ஒருவருக்கு நெஞ்சு அடைத்து வியர்க்கிறது. இராசிபுரத்திற்குக் கொண்டுசென்று இ.சி.ஜி. எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாளில் மருத்துவர் எதைத் தேடுகிறார்?

இருதயத் துடிப்பில் எழும் மிகச் சிறு மின்னோட்டத்தை வரைந்து காட்டியமைக்காக ஹாலந்து அறிஞர் ஐந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார். பி, கியூ, ஆர், எஸ், டி என்று அவர் அலைகளுக்கு இட்ட பெயர்களே இன்றும் வழங்குகின்றன. எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட கோடு வழக்கமாகச் சமமாகக் கிடக்கும். இருதயத் தசைக்கு இரத்தம் தரும் குழாய் முற்றிலும் அடைபட்டால் அக்கோடு மேலெழும். இதைக் காண்பது எளிது. எல்லா அடைப்பும் இவ்வாறு வெளிப்படையாகத் தெரிந்துவிட்டால் நான் இன்று பேசவேண்டியதே இல்லை.

ஹாலந்து மருத்துவர் டி விண்டரும் துணைவரும் 2008-இல் ஓர் உருவை விவரித்தனர். முன்மார்புத் தடங்களில் அக்கோடு உயராமல் தாழ்ந்து, பின் சரிவாக ஏறி, உயர்ந்த டி அலையில் கலக்கிறது. இருதயத்தின் முன்புறப் பெருங்குழாய் அடைபட்ட 1,532 பேரில் 30 பேரிடம் இது காணப்பட்டது. நூற்றுக்கு இருவர்தாமே என்று நினைக்கலாகாது. அவர்களுக்கும் அடைபட்டது அதே பெருங்குழாய்தான்.

1982-இல் வெல்லன்ஸ் குழுவினர் கண்டதோ இன்னும் விந்தையானது. வலி நின்று நோயாளி நலமாக அமர்ந்திருக்கும் வேளையில்தான் அக்குறி தோன்றும். மார்பின் இரண்டாம், மூன்றாம் தடங்களில் டி அலை கவிழ்ந்திருக்கும். அல்லது சற்றே ஏறிப் பின் இறங்கும். குழாய் மிகவும் குறுகிவிட்டது என்பது இதன் பொருள். இக்குறியுடன் அறுவை செய்யப்படாதிருந்த 16 பேரில் 12 பேருக்குச் சில வாரங்களுக்குள் பெரும் மாரடைப்பு வந்தது. "வலி போயிற்று, ஊருக்குப் போகிறேன்" என்று நம் மூட்டைக்காரர் எழுந்தால் அனுப்பிவிடலாமா? இத்தகையவரை ஓடவிட்டுச் சோதிப்பதும் ஆபத்து.

பின்சுவர் தாக்கப்படும்போது முன்மார்புத் தடங்கள் அதைத் தலைகீழாகக் காட்டும்: உயரவேண்டிய கோடு தாழும். ஐயமெழுந்தால் முதுகில், இடத் தோள்பட்டை எலும்பின் கீழ், தகடுகளை ஒட்டிப் பார்க்கவேண்டும்.

சிறிய மருத்துவமனையில் எடுத்த படத்தை இருதய நிபுணருக்கு உடனே அனுப்பிச் சிகிச்சையை ஒருங்கிணைக்கும் முறை தமிழ்நாட்டிலேயே ஆராயப்பட்டது. 2,420 பேரைப்பற்றி 2017-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டு இறப்பு நூற்றுக்கு 17.6-இலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. இவர்கள் கோடு உயர்ந்த வழக்கமான நோயாளிகள். மாறுவேடக்காரரைக் கண்டுகொள்ள அனுப்புகிறவர் கண்ணும் பழகியிருக்கவேண்டும். கருவி தானாக அச்சிடும் தீர்ப்பை மட்டும் நம்புவது போதாது என்பது என் கருத்து. முதற்படம் சரியாகவே இருந்தாலும் வலி தொடருமானால், கால்மணி நேரத்தில் மறுபடியும் எடுத்து இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள்.