வெயிலும் தோலும்

உங்கள் சட்டைக் கையைச் சற்று மேலே சுருட்டிப் பாருங்கள். மறைந்திருந்த தோல் வெளுத்தும், வெயில் பட்ட தோல் கறுத்தும் தோன்றும். அருப்புக்கோட்டையில் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரைவிடத் திருச்சுழிக் கரிசலில் பருத்தி எடுப்பவருக்கு இவ்வேறுபாடு மிகுதி. இதற்குக் காரணம் வெப்பம் அன்று. 1801ஆம் ஆண்டில் ரிட்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்த புறஊதாக் கதிர். கண்ணுக்குப் புலனாகாத அக்கதிர் தோலின் உயிரணுக்களைச் சிதைக்க முற்படுங்கால், மெலனின் என்னும் நிறமியை மிகுதியாக உண்டாக்கித் தோல் தன்னைக் காத்துக்கொள்கிறது. அக்கருமை அழுக்கன்று, முழுக் கவசம் அன்றெனினும் கவசமே.

இதனை மறந்தாள் என் பழைய மாணவி ஒருத்தி. மிளகாய்க் காட்டில் கறுத்த முகத்தை வெளுக்கக் கடையில் களிம்பு வாங்கிப் பூசினாள். முதல் மாதம் முகம் மின்னியது. பின்னர்த் தோல் மெலிந்து சிவந்து, காலை வெயிலுக்கே எரிந்தது. களிம்பில் இருந்தது ஸ்டீராய்டு! அத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென 2018இல் நடுவண் அரசு விதித்திருந்தும் அவளுக்கு அது எளிதிற் கிடைத்தது. தோல் மருத்துவரின் பொறுப்பில் முகம் தேற ஓராண்டு ஆயிற்று.

வெயிலில் எரிந்த தோலுக்குக் குளிர்ந்த நீரே முதல் மருந்து. பற்பசை தடவுதல் தீது. வாரக்கணக்கில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டுக. பருத்தி எடுக்கும் பெண்டிர் சேலைக்குமேல் ஆடவரின் முழுக்கைச் சட்டை அணிவதைக் கண்டு நகைப்போர் உளர். அந்தப் பழஞ்சட்டைதான் இப்போது அம்மாணவியும் அணிகிறாள்.